நிமிர்புரத்தின் மூவூன்று நிலை

காலை ஏழு மணி. நிமிர்புரத்தின் இரண்டாம் கவிகைத் தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் கையிலிருந்து சாவி நழுவிக் கீழே விழுந்தது. எதிரே வந்த மனிதர் சட்டென்று நின்றார். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவள் குனிந்து சாவியை எடுத்தாள்.

"எடுத்துட்டேங்க, தோழர்."

அவர் திரும்பினார். இருவரும் புன்னகைத்துவிட்டு அவரவர் வழியே போனார்கள். சற்றுத் தள்ளி, காலணிப் பட்டை அவிழ்ந்துபோன ஒருவர், "கொஞ்சம் முதுகு கொடுங்க" என்று குரல் கொடுக்க, சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் முதுகு கொடுத்தார்கள். கவிகைகள் என்னும் கண்ணாடிக் கூரைகளுக்குள் அடங்கிய, செவ்வாய்க் கோளின் அந்தக் குடியேற்றத்தில் அதுதான் பண்பாடு. முதுகு கொடுக்க மறுப்பவர் பண்பற்றவர் என்று மூன்றாம் வகுப்புப் பாடமே சொல்லியது.

காரணம், ஒவ்வொருவரின் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நெல்மணி அளவுக் கருவி. அதற்கு நிமிர்வி என்று பெயர். பூமியிலிருந்து வந்திறங்கிய முதல் நானூறு பேரும், அங்கே மனிதர்கள் பதவியைக் கண்டால் படுப்பதையும், பட்டத்தைக் கண்டால் பல்லிளிப்பதையும், பெரிய மனிதர் ஏறிவந்த காரின் சக்கரத்தைக்கூடத் தொட்டுக் கும்பிடுவதையும் பார்த்துப் பார்த்துப் பற்றி எரிந்தவர்கள். "மனிதன் முன் மனிதன் குனியும் மடமை அந்த மண்ணோடு மடியட்டும்! இந்தச் சிவப்பு மண்ணில் அது காலடி வைக்கக் கூடாது!" என்று முழங்கினார்கள். முழங்கியவர்கள் பூமியிலும் இருந்தார்கள். மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த நானூறு பேர் முழக்கத்தோடு நிற்காமல் மருத்துவரை அழைத்தார்கள். அன்றிலிருந்து ஐந்து வயதானதும் எல்லாக் குழந்தைகளுக்கும் நிமிர்வி பொருத்தப்பட்டது. பத்தடிக்குள் எதிரே ஒரு மனித முகம் இருக்கும்போது ஒருவர் குனியத் தொடங்கினால், நிமிர்வி முதுகுத் தசைகளுக்கு ஒரு கட்டளை அனுப்பும். 'டொக்' என்று சிறு ஓசை. ஆள் விறைத்து நிமிர்ந்துவிடுவார். வலி கிடையாது. வெட்கம் மட்டும் உண்டு.

எண்பது ஆண்டுகளாக நிமிர்புரத்தில் எவரும் எவர் முன்னும் குனிந்ததில்லை. சாப்பாட்டு மேசைகள் மார்பளவு உயரத்தில் இருந்தன. தொட்டில்கள் தோளளவு உயரத்தில் தொங்கின. ஆளும் அவையின் தலைவர் தெருவில் நடந்து வந்தால், மக்கள் அவர் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, "என்ன தோழர், எங்க தெருக் காத்துக் குழாய் எப்போ சரியாகும்?" என்று கேட்டார்கள். அவரும் விழித்தார். மானுடத்தின் பொற்காலம்!

அந்தப் பொற்காலத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் நாள்தோறும் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பெயர் செம்மலர். நிமிர்புரத்து முட்டுப்பந்து அணியின் பயிற்சியாளர்.

முட்டுப்பந்து முரட்டு ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணி தன் முன்னால் ஒரு மனிதச் சுவரை எழுப்பிக்கொள்ளும். அந்தச் சுவருக்கு எதிரே, மூக்கோடு மூக்கு உரசும் நெருக்கத்தில், மற்ற அணியின் நான்கு பேர் நிற்பார்கள். அவர்களுக்குத் தடுப்பு வரிசை என்று பெயர். பந்து அசைந்த மறுநொடி அந்த நால்வரும் சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பந்து வைத்திருப்பவரை மடக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே தாழ்ந்து, இரண்டு கால்களோடு ஒரு கையையும் தரையில் ஊன்றிக் காத்திருப்பார்கள். அப்படி நிற்பதற்கு மூவூன்று நிலை என்று பெயர். செவ்வாயில் அது இல்லாமல் ஆடவே முடியாது. பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலானதுதான் அங்கே. தாழ்வாக வந்து மோதுகிறவன் முன் நிமிர்ந்து நிற்கிறவன், பறப்பான்.

நிமிர்புரத்துத் தடுப்பு வரிசை நிமிர்ந்துதான் நின்றது. எதிரே முகங்கள் இருக்கும்போது வேறு என்ன செய்யும்? ஐந்து ஆண்டுகளாகப் பனிக்கோட்டைக் குடியேற்றத்துச் சுரங்கத் தொழிலாளர் அணி அவர்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. பனிக்கோட்டைக்காரர்களுக்கு நிமிர்வி கிடையாது, கூச்சமும் கிடையாது. யார் அதிக நேரம் அந்தரத்தில் இருந்தார்கள் என்று பார்வையாளர்கள் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். தடுப்பு வரிசையின் நடுத்தூணான அடலேறு நூற்றுமுப்பது கிலோ எடையுள்ளவன். சென்ற ஆண்டு அவன் இரண்டரை நொடி பறந்தான்.

இந்த ஆண்டு ஆட்டத்துக்கு நாற்பது நாள்கள் இருந்தபோது, அவைத்தலைவர் கோவேந்தன் செம்மலரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தோழர், ஒளிக்காமச் சொல்லிடறேன். அந்த மைதானக் கவிகையில ஆறு ஏக்கர் இருக்கு. பீட்ரூட் போட்டா ஊருக்கே பொரியல் ஆகும். நீங்க அங்க நாலு பேரைப் பறக்க விட்டுக்கிட்டிருக்கீங்க."

"இந்தத் தடவை ஜெயிக்கிறோம், தோழர்."

"ஜெயிச்சா மைதானம் உங்களுக்கு. நானே ஆணை எழுதித் தர்றேன். தோத்தா பீட்ரூட்." அவர் நட்போடு சிரித்தார். "பீட்ரூட் நம்மள அவமானப்படுத்தாது, பாருங்க."

செம்மலர் நேரே மைதானத்துக்கு வந்து நடுக்கோட்டில் நின்றாள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அது வெறும் கல்லுக்காடு. அவளும் அவள் தோழிகளும் விடுமுறை நாள்களில் கல் பொறுக்கி, மண் சலித்து, நிலம் சமன்செய்து உண்டாக்கிய இடம். நிமிர்புரத்தில் வேர்வை சிந்தி உரக்கச் சிரிக்க மனிதருக்கு இருந்த ஒரே இடம். அதைப் பொரியலுக்கு விட்டுக்கொடுப்பதா?

அவளுக்கு உதித்த முதல் வழி வேறெந்த ஊரிலும் எவருக்கும் தோன்றியிருக்காது. நிமிர்புரத்தாளுக்கு அது மிக இயல்பாகத் தோன்றியது. முதுகு கொடுத்துவிட வேண்டியதுதானே! மறுநாள் பயிற்சியில் நால்வரும் எதிரே நின்றவர்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக் குனிந்தார்கள். விரிந்த கால்களின் இடைவெளி வழியே பந்தைப் பார்த்தார்கள். நிமிர்வி மூச்சுவிடவில்லை. செம்மலரின் நெஞ்சு குதித்தது. பந்து அசைந்தது. நால்வரும் அம்பாகப் பாய்ந்தார்கள். அற்புதமான பாய்ச்சல். தங்கள் சொந்த எல்லையை நோக்கி!

"எங்கடா ஓடுறீங்க?" என்று அலறினாள் செம்மலர்.

"பாயச் சொன்னீங்களே, அக்கா!" ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து அடலேறுவின் குரல் வந்தது. "மொகம் இந்தப் பக்கம் இருந்துச்சு, பாஞ்சிட்டோம்!"

அடுத்த பத்து நாள்களும் அப்படியே கழிந்தன. கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார்கள். எதிரே முகம் இருப்பது நிமிர்விக்குத் தெரிந்திருந்தது. மிக மெதுவாகக் குனிந்து பார்த்தார்கள். மிக மெதுவாக டொக் என்றது. கடைசியில் சுவருக்கு எதிரே மட்டும் பழகத் தொடங்கினார்கள். சுவருக்கு முகம் கிடையாதல்லவா.

பதினோராம் நாள், மங்கலாக எரிந்த ஒரு விளக்கைச் சரிசெய்ய, செம்மலர் அந்தச் சுவரில் ஓர் ஏணியைச் சாய்த்து ஏறினாள். கீழே அடலேறு மட்டும் சுவரைப் பார்த்து ஊன்றிக்கொண்டிருந்தான். விளக்கை மாட்டிவிட்டுத் திரும்பிய அவள் கண்ணில் அவனுடைய இடுப்பு பட்டது. எதிரே இருக்கக் கூடாது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"என்னடா அது? இடுப்பா, ஈரத்துணி மூட்டையா? தூக்குடா மேலே! உன்னை வெச்சு நான் பனிக்கோட்டைக்காரன ஜெயிக்கணுமா? உன் எடத்துல ஒரு பீட்ரூட்ட நட்டா அதுகூட நேரா நிக்கும்!"

அடலேறுவுக்குச் சுரீர் என்றது. ஊன்றிய கையை எடுக்காமல், வளைந்த முதுகை நிமிர்த்தாமல், கண்களை மட்டும் உயர்த்தி அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். அப்படியே நின்றான். ஒரு நொடி. இரண்டு நொடி. ஐந்து நொடி.

ஓசை வரவில்லை.

"அக்கா," என்றான் அசையாமல். "நீங்க எனக்கு எதிர்லதானே இருக்கீங்க?"

"ஆமாடா."

"நான் குனிஞ்சுதானே இருக்கேன்?"

"ஆமாடா, அசையாத!"

"மொறைச்சுக்கிட்டே இருக்கட்டுமா?"

"மொறை! நல்லா மொறைடா, என் தங்கமே!"

தன் கை எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்க்க அவன் கண்ணைத் தாழ்த்தினான். டொக்! நூற்றுமுப்பது கிலோவும் விறைத்து நிமிர்ந்தது. ஏணியிலிருந்து செம்மலர் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது.

நிமிர்விகளைப் பராமரிக்கும் மருத்துவர் இன்னிலா, அன்று மாலையே முன்னோரின் வரைவுக் குறிப்புகளைத் திரையில் விரித்துப் படித்தாள்.

"ரெண்டு சைகை வேணுமாம். முதுகு வளையணும், கண்ணும் தாழணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பூட்டும்."

"எண்பது வருஷமா இது ஒருத்தருக்கும் தெரியலையா?"

"குனியறவன் எவன் கண்ண நிமித்தி வெச்சிருக்கான், சொல்லுங்க? குனியறதே கண்ணத் தாழ்த்தத்தானே?"

செம்மலர் அந்தக் குறிப்பை மறுபடியும் படித்தாள். உழைப்பதற்கு முதுகு வளையத்தான் வேண்டும். நாற்று நடவும் பாரம் தூக்கவும் பிள்ளையை அள்ளவும் வளையத்தான் வேண்டும் என்பதை அந்த நானூறு பேரும் அறிந்திருந்தார்கள். மனிதன் அடிமையாவது எலும்பில் தொடங்குவதில்லை, பார்வையில் தொடங்குகிறது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். எவ்வளவு கூர்மையான எண்ணம்! அதை எண்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஏணியும் ஒரு கோபமும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. வாழ்நாளெல்லாம் விறைப்பாக நின்றே பழகிய நான்கு உடல்களுக்கு வளையக் கற்றுக்கொடுப்பது எளிதா?

"கால் ரெண்டும் தோள் அகலம். ஒரு கால் அரையடி பின்னாடி. பின்கால் விரல், முன்கால் குதிகாலுக்கு நேரா இருக்கணும். முட்டிய மடக்கு. கைய ஊனு! உள்ளங்கை இல்லடா, விரல் நுனி அஞ்சும்! மாவு பெசையவா வந்தே? முதுகு மேசை மாதிரி இருக்கணும். மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சா சிந்தக் கூடாது."

அவள் உண்மையாகவே டம்ளரை வைத்தாள். நால்வரும் நனைந்தார்கள்.

"இடுப்பு தோளைவிட ஒரு விரக்கடை மேல. இப்போ முக்கியமான விஷயம், எல்லாரும் கேளுங்க. எடை முன்னாடி! உடம்போட பாரம் அந்த விரல்மேல இறங்கணும். நான் வந்து உன் கையத் தட்டிவிட்டா நீ மூக்கு இடிக்க விழணும். விழலைன்னா நீ குதிகால்ல உக்காந்திருக்கேன்னு அர்த்தம். குதிகால்ல உக்காந்தவன் பாய மாட்டான். பாக்கு மென்னுக்கிட்டு வேடிக்கை பாப்பான்."

"விழுந்துருவோம்னு பயமா இருக்கு, அக்கா," என்றாள் வரிசையின் இடக்கோடியில் நின்ற கனல்மொழி. அவள் தண்ணீர்த் தொட்டி பழுதுபார்ப்பவள், இரும்புத் தோள்.

"பயமா இருக்கணும்! அந்த நிலையில மூணு நொடிக்கு மேல இருக்க முடியாது. பாயணும், இல்லை விழணும். அப்படி இருந்தாத்தான் அதுக்கு மூவூன்று நிலைன்னு பேரு. கண்ணு?"

"மேலே!" என்று நால்வரும் கத்தினார்கள்.

முதல் வாரம் நால்வரின் மூக்கும் வீங்கியது. இரண்டாம் வாரம் டம்ளர் சிந்தவில்லை. மூன்றாம் வாரம், அவர்கள் மோதிப் பழகிய மெத்தைத் தூண் அடியோடு பெயர்ந்து விழுந்தது; அதைத் தாங்கிப் பிடித்திருந்த உதவியாளர்கள் இருவரும் தூணோடு போய், பிறகு தாமாகத் திரும்பி வந்தார்கள்.

ஆட்ட நாள் வந்தது. கவிகை நிறைந்து வழிந்தது. பனிக்கோட்டைத் தலைவன் வழக்கம்போல் கோட்டின் முன் வந்து நின்று, "வாங்க, கொடிக்கம்பங்களா! இந்த வருஷம் எவ்வளவு ஒசரம் வேணும்?" என்றான். அவனுடைய ஆள்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அடலேறு அவன் கண்ணைப் பார்த்தான். பார்த்தபடியே தாழ்ந்தான். கனல்மொழி தாழ்ந்தாள். மற்ற இருவரும் தாழ்ந்தார்கள். அரங்கத்தில் ஆறாயிரம் பேரின் மூச்சு ஒரே நேரத்தில் நின்றது. எதிரே முகம் இருக்கக் குனிந்த நிமிர்புரத்தாரை அந்த ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. பனிக்கோட்டைத் தலைவனின் சிரிப்பு பாதியில் உறைந்தது. பந்து அசைந்தது.

அவன் இரண்டு நொடி பறந்தான்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல நிமிர்புரத்தார் இன்றும் ஒரு முழு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வார்கள். சுருக்கம் இதுதான்: ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் நிமிர்புரத்துக்கு இரண்டு புள்ளி முன்னிலை, பந்து பனிக்கோட்டையின் கையில், எல்லைக்கு இன்னும் மூன்றே அடி. கனல்மொழி சுவரைக் கிழித்தாள், அடலேறு அந்தக் கிழிசல் வழியே பாய்ந்தான், பந்தும் பந்து வைத்திருந்தவனும் அவனுக்கு அடியில் எங்கோ காணாமற்போனார்கள். ஊதல் ஒலித்தபோது செம்மலர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அவைத்தலைவர் கோவேந்தன் மேடையில் கோப்பையை உயர்த்தி, "மைதானம் உங்களுக்கே! ஆணை நாளைக்கே வரும்!" என்று அறிவித்தார். கவிகை அதிர்ந்தது.

நாளை வந்தது. ஆணை வரவில்லை. இருபது நாளைகள் வந்துபோயின.

ஆனால் செம்மலருக்குக் கவலைப்பட நேரம் ஏது? ஊரே அவளிடம் திரண்டுவிட்டது! வெற்றிக்கு மறுவாரம் ஆறு பேர் மூவூன்று நிலை கற்க வந்தார்கள்; அடுத்த வாரம் அறுபது பேர்; அதற்கடுத்த வாரம் முந்நூறு பேர். கிடங்கு மேலாளர் வந்தார். காற்றுக் குழாய் ஒப்பந்தக்காரர் வந்தார். துறைத்தலைவர் பதவிக்குக் காத்திருந்த பேராசிரியர் தம் துணைவியாரோடு வந்தார். ஆட்டம் மக்களைத் தொட்டுவிட்டது என்று அவள் பூரித்துப்போனாள்.

மாணவர்களின் கேள்விகள்தாம் சற்றுப் புதுமையாக இருந்தன.

"இந்த நிலையில எவ்வளவு நேரம் இருக்கலாம், தோழர்?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"மூணு நொடி."

"அரை மணி நேரம் இருக்க ஏதாவது வழி உண்டா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அப்புறம், ஊன்றாத கை சும்மாத்தானே இருக்கு? அதுல ஒரு காகிதம் புடிச்சுக்கலாமா?"

கண்ணை உயர்த்திவைக்க மட்டும் எல்லோரும் ஊக்கத்தோடு கற்றார்கள். அது கைவந்ததும், "இனிமே பாய்ச்சல்" என்று அவள் சொன்னால், ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்து நழுவிவிட்டார்கள்.

இருபத்தோராம் நாள் காலை, வேளாண்துறைத் தொழிலாளர்கள் தட்டுத் தட்டாகப் பீட்ரூட் நாற்றுகளோடு மைதானத்துக்கு வந்து இறங்கினார்கள்.

"இது எங்க மைதானம்!" என்றாள் செம்மலர்.

"அப்படி ஆணை எதுவும் இல்லையே, தோழர். பீட்ரூட் போடச் சொன்ன பழைய உத்தரவுதான் இருக்கு. மதியத்துக்குள்ள கையெழுத்தோட வந்தீங்கன்னா, நாத்தத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறோம்."

அவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டாள், அடலேறுவைக் கூட்டிக்கொண்டாள், அவைத்தலைவரின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

அலுவலகத்து நடையில் சுவர் முழுவதும் சுவரொட்டிகள். பன்னிரண்டு நாளில் தேர்தல். கோவேந்தன் மறுபடியும் நிற்கிறார். அந்தச் சுவரொட்டிகளுக்குக் கீழே, தலைவரின் அறை வாசலிலிருந்து படிக்கட்டு வரை, வரிசையாக முப்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. முப்பது பேரும் அறைக் கதவைப் பார்த்து மூவூன்று நிலையில் இருந்தார்கள். ஒரு கை தரையில். மறு கையில் மனு. கண்கள் மேலே, கதவின்மேல், கனிவோடு. எல்லோரும் அவளுடைய மாணவர்கள்.

செம்மலர் வரிசையின் கடைசியிலேயே நின்றுவிட்டாள்.

வாசலில் இருந்த எழுத்தர் தாழ்ந்த குரலில் விளக்கினார். "நின்னுக்கிட்டுக் கொடுக்கிற மனு அந்தப் பெட்டியில போகும், தோழர். அது போன மாசத்துலேருந்து தொறக்கல. ஊன்றிக் கொடுக்கிற மனுவத் தலைவர் கையாலேயே வாங்குறார். யாரையும் அவர் குனியச் சொல்லல! விளையாட்டு ஆர்வத்த ஊக்குவிக்கிறார், அவ்வளவுதான்."

"அக்கா," அடலேறு அவள் காதருகே வந்தான். "ரெண்டே நொடி. நம்ம நிலைதானே? கண்ணு மேலதானே இருக்கு? மைதானம் போயிரும், அக்கா."

"அது எலும்ப நொறுக்கறதுக்கு உண்டான நிலைடா. எதுக்கு எங்கே ஊனுறதுன்னு ஒரு முறை இல்ல?" கடிகாரம் பதினொன்றரை காட்டியது. நாற்றுத் தட்டுகள் கண்முன் வந்தன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கல் பொறுக்கிய கைகள் கோப்பையை இறுக்கின. ஊன்றிவிடலாமா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுடைய முட்டி மடங்கவே தொடங்கியது.

அப்போதுதான் கடைசியில் இருந்த பேராசிரியரின் இடுப்பு அவள் கண்ணில் பட்டது.

"இதென்ன கோலம்?" அவள் முட்டி தானாக நிமிர்ந்தது. "இதையா நான் கத்துக்கொடுத்தேன்? குதிகால்ல உக்காந்திருக்கீங்க!"

"வந்து… இதுதான் வசதியா…"

"வசதியா? தூக்குங்க இடுப்ப! உள்ளங்கைய எடுங்க, விரல் நுனி! எடை முன்னாடி! இன்னும் முன்னாடி!" அவள் வரிசை நெடுகப் போனாள். முதுகுகளைத் தட்டினாள், கால்களைத் தள்ளி வைத்தாள், இடுப்புகளை ஏற்றினாள். மைதானத்தை அறவே மறந்துபோனாள். பயிற்சியாளருக்குக் கோணல் நிலை என்பது கண்ணில் விழுந்த தூசு அல்லவா! மாணவர்களும் மகிழ்ச்சியோடு திருந்தினார்கள். அழகாக ஊன்றினால் மனுவுக்கு மதிப்புக் கூடும் என்று நினைத்தார்களோ என்னவோ. முன்னால் இருந்த ஒப்பந்தக்காரர், "இப்போ சரியா, தோழர்?" என்று மூச்சுவாங்கக் கேட்டார். வாழ்வில் முதன்முறையாக அவருடைய முழு எடையும் ஐந்து விரல்நுனியில் இருந்தது.

"அற்புதம்!" என்றாள் செம்மலர், உள்ளன்போடு.

மூன்று நொடி. கதவு திறந்தது. கைகளை விரித்தபடி அவைத்தலைவர் கோவேந்தன் வெளியே வந்தார்.

முதலில் ஒப்பந்தக்காரரின் விரல்கள் விட்டுக்கொடுத்தன. பாயாவிட்டால் விழ வேண்டும். விழ அஞ்சி அவர் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் கிடங்கு மேலாளர் பாய்ந்தார். முப்பது பேரும், அழகான, குற்றம் சொல்ல முடியாத நிலையிலிருந்து, ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டார்கள். அவைத்தலைவர் நிமிர்ந்து நின்றிருந்தார். ஆகவே பறந்தார். விளக்கைத் தொட்டார். பிறகு, செவ்வாய்க்கே உரிய நிதானத்தோடு, குவிந்து கிடந்த மனுக்களின்மேல் குப்புற வந்து இறங்கினார்.

அவர் எழ முயன்று தாழ்ந்த கண்ணோடு முதுகை வளைத்தார். டொக்! கட்டைபோல் விறைத்தார். மறுபடி வளைத்தார். டொக்!

"கண்ண மேல வையுங்க, தோழர்," என்றாள் செம்மலர் பழக்கத்தில். "கால ஊனுங்க. ஒரு கைய ஊனுங்க. அப்புறம் எந்திரிக்கலாம்."

அவர் அப்படியே செய்தார். முதுகு விடுபட்டது. ஒரு கை தரையில், இரண்டு கால்களும் ஊன்றி, கண்கள் உயர்ந்து, தம்மைச் சுற்றி நின்ற முப்பது பேரின் முகத்தையும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு தலைவர் மக்கள் முன் அப்படி இருந்ததை அந்த ஊர் கண்டதில்லை.

ஒப்பந்தக்காரரின் கண்கள் கலங்கின. "நம்ம தலைவரப் பாருங்களேன்," என்றார் தழுதழுத்து. "எவ்வளவு எளிமை!"

"நம்ம காலடியில!" என்றார் பேராசிரியரின் துணைவியார், மூக்கை உறிஞ்சியபடி. "இவருக்குப் போடாம வேற யாருக்குப் போடறது?"

எழப்போன கோவேந்தன் அப்படியே நின்றார். அவருடைய பார்வை சுவரொட்டிகளுக்குப் போயிற்று. மக்களின் ஈரக் கண்களுக்குத் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு பெரிய ஒளி மெல்லப் பரவியது.

"என் உயிரினும் மேலான வாக்காளப் பெருமக்களே…" என்று தொடங்கினார், எழாமலே.

பதினொன்று ஐம்பதுக்கு ஆணையில் கையெழுத்தாயிற்று. மைதானம் என்றென்றைக்கும் முட்டுப்பந்துக்கே என்று அதில் எழுதியிருந்தது. நாற்றுத் தட்டுகள் வந்த வழியே திரும்பின. அடலேறு செம்மலரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். ஆணையின் அடியில் சின்னதாக ஒரு வரி இருந்தது: காலை ஆறு முதல் ஏழு வரை அவைத்தலைவருக்குத் தனிப்பயிற்சி. அன்று மாலைக்குள் எதிர்க்கட்சித் தலைவரும் வந்து அதே நேரத்தைக் கேட்டார். இரவுச் செய்திக்குள் தேர்தலில் நின்ற ஏழு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏழு வேட்பாளர்களும் நடுக்கோட்டில் ஊன்றி நின்றார்கள். ஏழு முதுகுகளும் வழுவழுவென்று வளைந்திருந்தன. ஏழு கண்ணிணைகளும் வாக்காளரைத் தேடி அண்ணாந்திருந்தன. செம்மலர் ஊதலோடு அவர்களைச் சுற்றி வந்தாள்.

"எடை முன்னாடி, தோழர்களே! ஏழு பேரும் குதிகால்ல உக்காந்திருக்கீங்க. இப்படி உக்காந்தா எப்படிப் பாய்வீங்க?"

கோவேந்தன் கனிவோடு அவளை அண்ணாந்து பார்த்தார்.

"பாயறதெல்லாம் ஜெயிச்சதுக்கு அப்புறம், தோழர். இப்போதைக்கு இது போதும்."

எந்த ஒன்றிலும் ஒத்துப்போயிராத மற்ற ஆறு பேரும், கண்ணைத் தாழ்த்தாமல், தலையசைத்தார்கள்.